துணி காய இடம் விட்டபின் மெஷினுக்கு இடம்: பாபநாசம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்பதுதான் அந்த வீட்டார் கேட்ட கேள்வி. பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிற ஒரு கிராமம். முன்பக்கம் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் பின்னாளில் இழுத்துக் கட்டிய கான்கிரீட் பகுதி: அடுக்களை, குளியலறை, ஒரு படுக்கையறை, மேலே மொட்டை மாடி. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு டாப் லோடு மெஷின் பத்து வருஷமாக நின்றது. துவைத்த கையோடு மாடியிலேயே காயப்போடலாம் என்று யாரோ சொன்ன யோசனை. சித்திரை, வைகாசியில் அது நல்ல யோசனைதான்.

வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் சாகுபடி பார்க்கிறார். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவருடைய அம்மா எழுபதை நெருங்குகிறார், முழங்கால் வலி. வீட்டில் துணி வேலையில் பாதிக்கு மேல் அவர் கையில்தான். "மாடி ஏறிப் போட்டுட்டு, மழை வந்தா ஓடிப் போயி எடுத்துட்டு, இனிமே என்னால ஆவாது தம்பி. மெஷினைக் கீழ கொண்டாந்துடுங்க, போதும்" என்றார். மருமகள் ஆசை வேறு. கைபேசியில் சில படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளை அலமாரிகள், பளிங்கு மேடை, மேடைக்கடியில் மெஷின், ஓரத்தில் ஒரு பூச்சாடி. "இந்த மாதிரி வேணும்னு சொல்லல சார். ஆனா போனா ஒரு மனசு வரணும், அழுக்குத் துணி கிடக்குற மூலையா இருக்கக் கூடாது."

அந்தப் படங்களை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்றில்கூட ஈரத்துணி தொங்கவில்லை. அவை டிரையர் இல்லாத வீட்டை நினைத்தே பார்க்காத ஊர்களின் அறைகள். அங்கே துணி ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போய்ச் சூடாக வெளியே வந்துவிடும். மிச்சச் சுவரெல்லாம் அலமாரிக்குக் கொடுத்துவிடலாம். நம் ஊரில் அந்த அறையை அப்படியே கட்டினால், துவைத்த துணி ஐப்பசி மாதத்தில் கூடத்து நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் சாமி அறைக் கதவிலும்தான் தொங்கும். அதனால் இந்த வீட்டில் வேலையின் வரிசையைத் தலைகீழாக்கினோம். முதலில் துணி எங்கே காயும், அடுத்து அழுக்குத் தண்ணீர் எங்கே போகும், அப்புறம்தான் மெஷின்.

எந்தத் துணி, எந்த மாதம்

வீட்டாரை உட்காரவைத்துத் துணிக் கணக்கு எடுத்தோம். படம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யாத எவரும் இந்த அறையைச் சரியாகக் கட்ட முடியாது என்பது என் அபிப்பிராயம். பள்ளிச் சீருடை தினமும். எட்டு முழ வெள்ளை வேட்டி, சட்டை தினமும். ஆசிரியைக்கு வாரத்தில் பாதி நாள் காட்டன் புடவை, அதற்குக் கஞ்சி போட்டாக வேண்டும். நாற்றங்கால், நடவு நாட்களில் சேறு அப்பிய கைலி, துண்டு, பனியன். விசேஷம் வந்தால் விருந்தாளிகளின் போர்வை, தலையணை உறை. பட்டுப்புடவைகள் உண்டு, அவை இந்த அறைக்கு வரவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம். ஜரிகைப் பட்டு கடைக்குத்தான் போக வேண்டும்.

இதில் சேற்றுத் துணிதான் பெரிய வில்லன். டெல்டாவின் களிமண் மெஷினுக்குள் போனால் வடிகட்டியில் படிந்து, பம்பை அடைத்து, பின்னால் வருகிற வெள்ளை வேட்டியிலும் ஒரு மங்கல் ஏற்றிவிடும். அது வெளியே ஒரு தடவை அலசப்பட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும். எனவே கொல்லைப்புறத் துவைக்கல்லை எடுக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. அம்மாவுக்கு இதில் இன்னொரு காரணமும் இருந்தது. அவர் பிறந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தப் பக்கத்துப் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. "கல்லு இருந்துச்சு, பொழச்சோம்" என்றார். கல்லைப் பெயர்த்து, குனியாமல் நின்றபடி துவைக்கிற உயரத்துக்கு மேடை கட்டி, கூரை விளிம்புக்குள் இழுத்துவைத்தோம். அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 75 செ.மீ. அவரை நிறுத்திவைத்துத்தான் கொத்தனார் மட்டம் எடுத்தார்.

இடம்

அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு பழைய விறகு அறை இருந்தது. கேஸ் வந்த பிறகு அதில் தேங்காய் மட்டையும் உடைந்த நாற்காலியும் மட்டும் கிடந்தன. நீளம் பத்தடி, அகலம் ஆறரை அடி, உயரம் பத்தடி. பலரும் இதைச் சின்ன இடம் என்பார்கள். எனக்கு அந்த நீளம் பிடித்திருந்தது. புடவை ஐந்தரை மீட்டர்; நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் 2.75 மீட்டர். பத்தடி என்பது மூன்று மீட்டருக்கு மேல். ஒரு புடவையைச் சுருக்கமில்லாமல் நெடுக்கில் விரித்துக் கம்பியில் போட அது போதும். எட்டு முழ வேட்டி அதைவிட எளிது.

இரண்டு கதவுகள். ஒன்று வீட்டுக்குள்ளிருந்து, குளியலறைக்கு எதிரே. மற்றது கொல்லைக்கு. வயலிலிருந்து வருபவர் கொல்லைவழி வந்து, சேற்றுத் துணியைக் கல்லடியில் போட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம். மற்ற அழுக்குத் துணி குளியலறைப் பக்கமிருந்து வரும். காய்ந்த துணி உள்கதவு வழியாகவே அலமாரிக்குப் போகும். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு யாரும் படி ஏற வேண்டியதில்லை; இது சின்ன விஷயமில்லை. ஆறு கிலோ துணி ஈரத்தோடு மெஷினை விட்டு வரும்போது ஒன்பது, பத்து கிலோவாகிவிடும்.

காய்வது என்கிற கணக்கு

இங்கேதான் அதிக நேரம் செலவழித்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெஷின் பிழிந்து முடித்த பிறகும் துணியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. நிமிஷத்துக்கு 700 சுற்று சுற்றுகிற டாப் லோடு மெஷினில் ஆறு கிலோ பருத்தித் துணி ஏறக்குறைய நாலரை லிட்டர் தண்ணீரோடு வெளியே வரும். 1200 சுற்று சுற்றும் ஃப்ரன்ட் லோடில் அது மூன்று லிட்டரைச் சற்றே தாண்டும். மிச்சமான அந்த ஒரு லிட்டர் சொச்சம் பெரிய லாபம்; இந்த வீட்டுக்குப் புது மெஷின் ஃப்ரன்ட் லோடு என்று ஆனது அதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.67 யூனிட் அளவுக்கு வெப்பம் வேண்டும். அதே தண்ணீரைச் சுழற்றிப் பிழிந்தெடுக்க அதில் சிறு பங்குகூட ஆகாது. மழைக்காலத்தில் இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் தனியாகப் போடுங்கள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வது இதனால்தான்.

வெளியே வந்த மூன்று லிட்டர் போக வேண்டிய இடம் காற்று. ஐப்பசி அடைமழையில் காற்றுக்கு அதை வாங்கிக்கொள்ள இடமில்லை. 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 24 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 22 கிராம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. மீதி இடம் இரண்டரை கிராமுக்கும் கீழே. அதுவும் ஏட்டுக் கணக்கு. தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்ந்துவிடுவதால் நடைமுறையில் ஒரு கிராம் தேறினால் பெரிசு. மூன்று லிட்டர் போக மூவாயிரம் கன மீட்டர் காற்று துணியைத் தொட்டுக்கொண்டு போயாக வேண்டும். இந்த அறையின் கொள்ளளவோ 18 கன மீட்டர். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி காயும் என்று காத்திருந்தால் முக்கால் நாளில் சுவர் வேர்க்கும், துணியில் அந்த வீச்சம் ஏறும். ஈரத்திலேயே கிடக்கிற துணியில் பெருகும் மொராக்செல்லா வகைப் பாக்டீரியாவின் வேலை அது. எவ்வளவு வாசனைத் திரவம் ஊற்றினாலும் அடங்காது. சீக்கிரம் காயவைப்பதுதான் மருந்து. துண்டுகளை மட்டும் அவ்வப்போது 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் இன்னும் நல்லது.

ஆகவே இந்த அறைக்குக் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி. வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சுட்டமண் ஜாலி, அதாவது காற்று புகத் துளைகள் விட்ட கல். தெற்குச் சுவரில் கூரையை ஒட்டி ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். மணிக்கு 600 கன மீட்டர் அளவுக்கு இழுப்பது. கணக்குப்படி ஐந்து மணி நேரத்தில் மூவாயிரம். துணிக்கு நடுவில் காற்று புகுந்து வெளியேற வேண்டும் என்பதால் கம்பிகளுக்கிடையே 22 செ.மீ. இடைவெளி விட்டோம். நெருக்கிப் போட்டால் கணக்கெல்லாம் வீண். வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும் என்று கொத்தனார் ஜாலிக்குப் பயந்தார். சரியான பயம். வெளியே இரண்டடி சன்ஷேடும், உள்ளே சாத்திக்கொள்ள ஒரு அலுமினியக் கதவும் வைத்தோம். அந்தக் கதவுக்கு வேறொரு உபயோகமும் உண்டு, பின்னால் வருகிறேன்.

கம்பிகள் மேற்கூரையில். இதில் புதுமை ஏதுமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரத்தை ஒட்டி மூங்கில் கொடி தொங்கும், மடித்துணியை, அதாவது ஆசாரத்துக்காகப் பிறர் தொடாமல் வைக்கிற துணியை, கோலால் தூக்கி அதில் போடுவார்கள். இந்த வீட்டுத் தாழ்வாரத்திலேயே அந்த வளையங்கள் இன்னும் இருக்கின்றன. நாம் செய்தது கோலுக்குப் பதிலாகக் கப்பி. 2.85 மீட்டர் நீளத்தில் நான்கு ஸ்டெயின்லெஸ் குழாய்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கி ஏறும். அம்மாவின் தோள் உயரத்துக்கு இறக்கி, துணியைப் போட்டு, இழுத்துவிட்டால் தலைக்கு மேலே போய்விடும். கீழே நடமாட்டம் தடைபடாது. கடையில் விற்கிற கிட்டுகளில் பெரும்பாலும் குழாய் மெலிசு. ஈரப் போர்வை இரண்டு போட்டால் நடுவில் தொய்ந்துவிடும். ஒரு அங்குலக் குழாயைத் தனியாக வாங்கி, கூரையில் கான்கிரீட்டுக்குள் போகிற ஆங்கர் போல்ட் போட்டோம். மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டியதை நான் வேறு வீடுகளில் விழப் பார்த்திருக்கிறேன்.

டிரையர் வேண்டாமா என்று கேட்டார்கள். வைத்தால் பிழையில்லை. ஆனால் இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கிற ஒன்றை வருஷத்தில் இரண்டரை மாதத்துக்காக வாங்கி, மற்ற ஒன்பதரை மாதம் வெயில் காய்ந்துகொண்டிருக்கிற கொல்லையைப் பார்த்தபடி அதைத் துடைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இந்த மாதிரிச் சின்ன அறைக்குப் பொருந்தும். அது ஈரத்தையும் வாங்கும், அறையைக் கொஞ்சம் சூடாகவும் ஆக்கும். 26 டிகிரியிலிருந்து 30க்கு ஏறினாலே அதே காற்றின் ஈரப்பதம் 90லிருந்து 72 சதவீதமாக இறங்கிவிடும். தாங்கும் இடம் மூன்று மடங்குக்கு மேல். இதை ஓட்டும்போது ஜாலிக் கதவைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஊர் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு பிளக் மட்டும் வைத்து, ஒரு மழையைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று விட்டோம்.

வருகிற தண்ணீர்

மாடிப்படித் தலைப்பில் மெஷின் நின்றபோது தண்ணீர் நிரம்ப அவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம் மெஷின் இல்லை. டேங்க் அதன் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். கீழே கொண்டுவந்தபோதும் டேங்கின் அடிப்பகுதிக்கும் மெஷின் குழாய்க்கும் பத்தடிதான் வித்தியாசம், அதாவது 0.3 பார். பல ஃப்ரன்ட் லோடு மெஷின்களுக்கு இது விளிம்பு. கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பிரஷர் பம்ப் போடலாம் என்றார் பிளம்பர். முதலில் டேங்க் மேடையை மூன்றடி உயர்த்தி, டேங்கிலிருந்து மெஷினுக்கு மட்டும் ஒரு அங்குலப் பைப்பில் தனி லைன் இழுத்தோம், எல்போ குறைவாக. பெரிய பைப்பால் அழுத்தம் கூடாது. ஆனால் வழியில் தேய்ந்துபோவது குறையும். பம்ப் தேவைப்படவில்லை.

போர் தண்ணீரைச் சோதித்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 380 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் 200 வரை உகந்தது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. கடலோர நாகப்பட்டினம், வேதாரண்யம் வீடுகளோடு பார்த்தால் இது புகார் சொல்ல முடியாத தண்ணீர். ஆனால் சோப்பு நுரைக்கச் சுணங்கும், ஹீட்டரில் உப்புப் படியும். அதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலம் போட்டு வெறும் டிரம்மை வெந்நீரில் ஓட்டினால் போதும். மென்னீர்க் கருவி வேண்டாம் என்று சொன்னேன். அதைக் கழுவும்போது வெளியேறும் உப்புநீரைக் களிமண் கொல்லையில் எங்கே விடுவது?

வேட்டி மங்குவதற்கு மட்டும் இந்தத் தண்ணீரில் இருக்கிற இரும்பு காரணம். வாளியில் பிடித்து இரவெல்லாம் வைத்தால் மேலே செம்மஞ்சள் படலம் கட்டியது. காவி ஏறுகிறதே என்று குளோரின் பிளீச் ஊற்றியிருக்கிறார்கள். அது இரும்பைத் துரு ஆக்கி நூலிலேயே நிறுத்திவிடும். பிளீச்சை நிறுத்தி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து அலசிய பிறகு வேட்டி தெளிந்தது. நீலமும் அளவோடு போடத் தொடங்கினார்கள். மழைநாளில் ஓட்டுத் தண்ணீர் விழுகிற இடத்தில் அம்மா அண்டா வைத்துப் பிடிப்பார். வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசல் அதில்தான். அதைவிட மென்மையான தண்ணீரை எந்தக் கருவியும் தராது.

போகிற தண்ணீர்

தரையைத் தோண்டுகிற வேலைதான் செலவில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாத பங்கும்கூட. களிமண் தரை கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நேரடியாகத் தளம் போட்டால் 1200 சுற்றில் மெஷின் நடக்க ஆரம்பித்துவிடும். இரண்டடி எடுத்துவிட்டு ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் நிரப்பி, தண்ணீர் விட்டுத் தட்டி, கான்கிரீட் போட்டோம். மெஷினுக்கு அடியில் ஆறு அங்குல மேடை. உள்ளே வெற்றிடம் இல்லாத திண்ணமான மேடை. செங்கல் பெட்டி கட்டி மேலே ஸ்லாப் போட்டால் அது பறையடிக்கும். தரைச்சரிவு பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். கொல்லை மட்டத்தைவிட அறை அரையடி உயரம்.

மெஷின் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிற வேகத்துக்குச் தரையில் பதிக்கிற சாதாரண நஹானி ட்ராப் வடிகால் தாங்காது, நுரை பொங்கித் தரையில் படரும். சுவரில் 75 மி.மீ. நிற்கும் பைப், வாய் தரையிலிருந்து 80 செ.மீ. மெஷினின் ஹோஸ் அதில் தளர்வாகத் தொங்க வேண்டும். இறுக்கி அடைத்தால் சைஃபன் ஆகித் தண்ணீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். மெஷின் நிரப்ப நிரப்ப வடியும். வெளியே ஒரு சின்னத் தொட்டி, அதில் நூல்பிசிறு பிடிக்கும் வலைப்பை.

அங்கிருந்து வாழைக்கும் தென்னைக்கும். கோடையில் வாழை அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கும். ஆனால் சலவைத்தூளில் சோடியம் உப்புகள் அதிகம். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் துகள் கலைந்து, காய்ந்ததும் கல்லாகிவிடும். எனவே தூளுக்குப் பதில் திரவ சோப்பு, ஒரே பாத்தியில் விடாமல் மாற்றி மாற்றி விட மூன்று வாய்.

கார்த்திகையில் இதெல்லாம் நடக்காது. நிலத்தடி நீர் மேலேறி, கொல்லைக்கிணற்றில் கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர் நிற்கிற ஊரில் எந்த உறிஞ்சுக்குழி உறிஞ்சும்? அது திருப்பித்தான் தரும். அதனால் தொட்டியில் இன்னொரு வால்வு, தெருச் சாக்கடைக்கு. முதல் அடைமழையில் வால்வைத் திருப்ப வேண்டும், தையில் மறுபடி மாற்ற வேண்டும். டெல்டாவில் துவைக்கும் அறை கட்டுகிறவர்கள் எதை மறந்தாலும் இந்த இரண்டாவது வாயை மறக்கக் கூடாது. பாசன வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று.

மின்சாரம், எலி

16 ஆம்பியர் சாக்கெட், தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில், நாலடி உயரத்தில். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று அளந்தோம். கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற அறை இது.

எலியைப் பற்றி விற்பனையாளர் யாரும் சொல்வதில்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப்பக்கம் வரும். மெஷினின் அடிப்பக்கம் திறப்பு, இதமான சூடு, கடிக்க ஒயர். மேடையைச் சுற்றி அரையங்குலக் கண் கம்பிவலை அடித்து, டிரெயின் பைப்பின் வெளி வாய்க்கும் ஒரு வலை மூடி போட்டோம்.

அழகு

இது கடைசியாக வந்தாலும் மருமகள் இதில்தான் மூச்சாக இருந்தார், நியாயமாக.

வெள்ளை அலமாரி வரிசையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். பதிலுக்கு வெளிச்சம் கேட்டார். ஜாலிக்கு மேலே கிழக்கு மூலையில் ஒரு உயர ஜன்னல்; காலையில் வெயில் மெஷின் மேடை வரை வரும். சுவருக்கு வெள்ளை வேண்டாம், ஈரச்சுவரில் ஒரு மழையில் கறுத்துவிடும் என்று சுண்ணாம்பு கலந்த வெளிர் மஞ்சள், நாலடி உயரம் வரை டைல். தரையின் உலர்ந்த பாதி பழைய வீட்டுக் கூடத்தைப் போலவே சிவப்பு ஆக்சைடு. சோப்புத் தண்ணீர் விழுகிற பாதியில் அதைப் போட்டால் வழுக்கிவிடும், அங்கே சொரசொரப்பான சாம்பல் டைல். இரண்டும் சேர்கிற இடத்தில் கொத்தனார் கறுப்புக் கடப்பாக் கல்லில் இரண்டங்குலப் பட்டை ஓட்டினார். வரைபடத்தில் இல்லாதது, அவர் கைவேலை. அறையில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

துணி மடிக்க மெஷினுக்கு மேலே கடப்பா மேடை என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் மெஷின் உயரம் 85 செ.மீ., அதோடு ஆறு அங்குல மேடையும் சேர்ந்தால் அம்மாவுக்கு எட்டாது. அதனால் மடிக்கிற மேடையைப் பக்கத்தில் இறக்கி 82 செ.மீ.யில் வைத்தோம். அதன் கீழே தைக்கால் ஊர்ப் பிரம்புக் கூடைகள் மூன்று. வெள்ளை, நிறம், சீருடை. பிரம்பில் ஈரத்துணி போட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரத்துக்குத் தனியாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று. அது அழகில்லை, கதவுக்குப் பின்னால் இருக்கிறது. விறகு அறையின் பழைய பலாக்கதவை ஆசாரி இழைத்து எண்ணெய் தேய்த்து உள்கதவாக்கினார். அலமாரி ஒன்றே ஒன்று, பிவிசி பலகையில், தரையிலிருந்து ஓரடி தள்ளி. பிளைவுட் இந்த அறையில் கரையானுக்கு விருந்து. இஸ்திரி மேஜை போடவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கிறது. அவரிடம் கொடுக்கிற பைக்கு வாசல்பக்கம் ஒரு கொக்கி.

கஞ்சிக்கு ஒரு சின்னக் கல்தொட்டி தனியாக. மெஷினில் கஞ்சி போடலாம் என்று சொல்கிறவர்கள் அதன் ரப்பர் வளையத்தைத் திறந்து பார்த்ததில்லை.

ஒரு மழை கழிந்து

மெஷின் நீங்கலாகச் செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது. வைகாசியில் முடித்தோம். ஆடிக்காற்றில் அறை தேவையே படவில்லை, துணி கொல்லையிலேயே இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. ஐப்பசியில்தான் பரீட்சை.

சாதாரண மழைநாளில் இரவு போட்ட துணி காலையில் போட்டுக்கொள்கிற பதத்தில் இருந்தது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டை, துண்டின் கரை மட்டும் பின்தங்கும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நின்று நாள்கணக்கில் கொட்டியபோது ஃபேன் மட்டும் போதவில்லை. சீருடை ஈரமாகவே இருந்தது. அப்போது டீஹியூமிடிஃபையர் வாங்கினார்கள். ஜாலிக் கதவைச் சாத்தி இரவு ஓட்டினால் காலையில் அதன் தொட்டியில் மூன்று லிட்டருக்குக் கிட்டத் தண்ணீர். தாளில் போட்ட கணக்கை வாளியில் ஊற்றிப் பார்த்ததில் மருமகளுக்கு ஒரே சந்தோஷம். அவர் அறிவியல் ஆசிரியை. அந்தத் தண்ணீரை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். கூடாது, அது வடித்த நீர் இல்லை, தூசியும் உலோகமும் கலந்திருக்கும். செடிக்கு ஊற்றுங்கள்.

சரிவராதவையும் உண்டு. நான்கு கம்பிகளில் சுவரோரம் இருப்பதில் துணி எப்போதும் கடைசியாகத்தான் காய்கிறது, காற்று அங்கே சுழலவில்லை. சுவரில் ஒரு சின்ன ஃபேன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இஸ்திரிப் பை மாட்ட அடித்த கொக்கியில் பிள்ளைகளின் ரெயின்கோட் தொங்குகிறது, பை மறுபடி தரைக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு கொக்கி அடிக்க வேண்டும். மடிக்கிற மேடையில் வாரத்தில் பாதி நாள் பரீட்சைத்தாள் கட்டுகள். வீட்டில் வெளிச்சம் நல்ல இடம் இதுதான் என்கிறார் டீச்சர். தெருச் சாக்கடை வால்வைத் தை மாதம் திருப்ப மறந்து, வாழை வாடிய பிறகுதான் ஞாபகம் வந்ததாம். வால்வுக்கு மேலே சுவரில் மாதத்தின் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு மெஷினின் பட்டன்கள் இன்னும் பழகவில்லை. பேத்தி ஒரே ஒரு பட்டனில் சிவப்புப் பொட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். மற்றதெல்லாம் வேண்டாம் என்கிறார். கப்பிக் கயிற்றை மட்டும் நைலானிலிருந்து பருத்திக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார், கை வழுக்குகிறதாம். அடுத்த வாரம் மாற்றிவிடுவோம்.